அவுட்டு: காரைக்கால் வழக்கில் ஒரு சொல்லாராய்ச்சி

காரைக்காலை ஆங்கிலேயர் 1760இல் பிடித்தார்கள்; பாரிஸ் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். பின்னும் பிடித்தார்கள், 1817இல் கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன்பின் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சிதான். பீரங்கியோடு வந்த ஆங்கிலேயர் தங்கவில்லை; அவர்களுடைய 'அவுட்டு' மட்டும் தங்கிவிட்டது. அறிஞர் உலகம் இதைக் கண்டுகொள்ளாததால் இவ்வாய்வு எழுகிறது.

1. இலக்கணம்

தமிழ்ச்சொல் டகர மெய்யில் முடியாது. எனவே 'அவுட்' டகரம் இரட்டித்து, உகரம் ஏற்று, பாட்டு, எட்டு வரிசையில் வன்றொடர்க் குற்றியலுகரமாகக் குடியேறியது. குடியுரிமைக்கு வேறு சான்று வேண்டாம்.

2. பொருள்வகை

அ) விளையாட்டு: முறையீடு எழுந்தால்தான் நடுவர் அவுட் கொடுக்கலாம் என்கிறது கிரிக்கெட்டின் 31ஆம் விதி. காரைக்கால் சந்துகளிலோ பந்து பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டியதும் முறையீடு, தீர்ப்பு, மட்டையைப் பிடுங்குதல் மூன்றும் ஒருசேர நிகழும். 'ட்ரையல் பால்டா!' என்பதே ஒரே மேல்முறையீடு.

ஆ) தேர்தல்: செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்கு 'டெபாசிட் அவுட்டு'.

இ) கல்வி: 'கொஸ்டின் பேப்பர் அவுட்டு.' இங்கே தோற்றவர், அது கைக்கு வராதவர்.

ஈ) வாணவேடிக்கை: மேலே போய் வெடிப்பதும் அவுட்டே. அது வெடிக்காவிட்டால்தான் தோல்வி.

உ) உடல்நிலை: மலிவு விலை மது நாடி எல்லை தாண்டி வந்தவர் பேருந்து நிலையத் தூணில் சாய்ந்துகிடந்தால் 'ஆள் அவுட்டு'. இறப்புச் செய்திக்கும் இதே இரண்டு சொற்கள்தாம். வேறுபாடு குரலில்: உயர்ந்தால் எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும், தாழ்ந்தால் மாலை.

3. முடிபு

'தோத்துட்டேன்' என்றால் '-ஏன்' விகுதி ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. 'அவுட்டு' என்பதில் திணை, பால், எண், இடம், காலம் எதுவுமில்லை. பழி போய் ஒட்ட விகுதியே கிடையாது. தமிழில் தோல்விக்குச் சொல் இருந்தும் மக்கள் இதை விரும்புவதன் காரணம் இதுவே.

ஐயமுள்ளோர் சோதித்துக்கொள்ளலாம். தேர்தல் முடிவு வந்த மறுநாள் வேட்பாளரிடம் 'தோத்துட்டீங்களாமே' என்று கேட்டால் உறவு முறியும். 'இந்தத் தடவை அவுட்டாண்ணே?' என்று கேட்டால், வாக்குப்பதிவு இயந்திரத்தைத் திட்டிக்கொண்டே டீ வாங்கித் தருவார்.