சல்லடையை எங்கே மாட்டுவது?

கேள்வி: மாஸ்டடன் போலத் தலைமையகமே இல்லாத சமூக வலைத்தளங்களில் வெறுப்புப் பதிவுகளை எங்கே வைத்து வடிகட்டுவது?
– வாசகர், கிருலப்பனை

பதில்: நாட்டின் வாசலில் மட்டும் வேண்டாம். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்றே இலங்கை அரசு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. வதந்திக்காரர் தடையைத் தாண்டும் விபிஎன் போட்டு உள்ளே வந்துவிட்டார், "தம்பி சுகமா இருக்கிறானா?" என்று கேட்ட அக்காமார்தான் வெளியே நின்றார்கள். தூரத்துத் தலைமையகமும் சரிவராது: 2018இல் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது சிங்களத்தில் கொட்டிய வெறுப்பை வாசித்து நீக்க பேஸ்புக்கிடம் போதிய ஆளிருக்கவில்லை.

மாஸ்டடன் என்பது தனித்தனி சேர்வர்களின் கூட்டு; ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. நஞ்சு கக்கும் இன்னொரு சேர்வரையே அவர் துண்டிக்கலாம். கொலை மிரட்டலை அவர் நீக்கட்டும். அரசியல் அலட்டலை என் போனில் நானே மறைத்துக்கொள்கிறேன். அந்தப் பொறுப்பாளருக்குத் தமிழும் சிங்களமும் தெரிந்திருக்க வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.