ஆடி ஆடி ஓர் ஆரோக்கியம்

கே.கே. நகர் சிவன் பூங்காவில் விடிகாலையில் மாமா ஒருவர் படகில் நிற்பவர்போல் ஆடி ஆடி வருகிறார். காலில், அடிப்பாகம் வளைந்த ஷூ. சும்மா நின்றாலே தொடை இறுகுமாம். 1990-களில் சுவிட்சர்லாந்தில் பிறந்த எம்.பி.டி. ஷூதான் இந்த வம்சத்துக்கு மூத்தது. வெறுங்காலோடு நடக்கும் மசாய் மக்களின் நடையைப் பார்த்துச் செய்ததாம். வெறுங்காலுக்கே விலை வைத்த சாமர்த்தியம்! ஜிம்முக்குப் போகாமலே உடம்பு இளைக்கும் என்று இதே ரகத்தை விற்ற ஸ்கெச்சர்ஸ், ‘ஆதாரமில்லாத விளம்பரம்’ என்ற அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் புகாரைத் தீர்த்துக்கொள்ள 2012-ல் 4 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கட்டைவிரல் மூட்டு மடங்காமல் வலிப்பவர்களுக்கு வளைந்த அடி உதவும். அதை டாக்டர் சொல்லட்டும். மற்றபடி மாமா, நடை முடிந்ததும் அந்த இரண்டாவது மெதுவடையை மட்டும் விட்டுவிடுங்கள்.