பனைமர அலைவரிசை

திருநின்றவூரில் எங்கள் குடும்பம் நடத்திய ரேடியோ ஸ்டேஷனுக்கு அலைவரிசை கிடையாது. உயரம் உண்டு. விசேஷ வீட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பனைமரம் இருக்கிறதோ, அது எவ்வளவு உயரமோ, அவ்வளவு. உச்சியில் தகரக் குழாயைக் கட்டி, ஒயரை இழுத்துவந்து, பந்தலுக்குள் மேஜைமேல் ஆம்ப்ளிஃபயரையும் ரெக்கார்டு பிளேயரையும் வைத்துவிட்டால் ஒலிபரப்பு தயார். பஞ்சாயத்துக் கணக்கில் இது சவுண்ட் சர்வீஸ். ஊர்க்கணக்கில் நாங்கள் ரேடியோக்காரர் வீடு. கடிதம் கொண்டுவரும் தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிப்பார்.

அமெரிக்காவில் சின்ன ஊர்களில் நிஜமான ஸ்டேஷனையே குடும்பமாக நடத்துவார்கள் என்று பின்னாளில் படித்தேன். அப்பா காலைச் செய்தி, அம்மா விளம்பரக் கணக்கு, பிள்ளை ராத்திரிப் பாட்டு. இங்கே அப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒலிபரப்பு சர்க்காரின் தனிச்சொத்தாக இருந்தது. அதற்கு முன்னால் சென்னையில் ஒரு முயற்சி நடந்தது. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலானவர்கள் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, ஜூலை 31 முதல் 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பினார்கள். 1927இல் பணம் தீர்ந்தது. கார்ப்பரேஷன் 1930இல் எடுத்து நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி வந்து உட்கார்ந்தது. இந்தச் சரித்திரம் முழுவதையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டியபோது அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஓர் எண்ணைத்தான். “நாப்பது வாட்டா? நம்ம செட்டு அம்பதுடா.” டிரான்ஸ்மிட்டர் வாட்டும் குழாய் வாட்டும் ஒன்றல்ல என்று நான் சொல்லவில்லை. எண்பது வயதைத் தாண்டியவரிடம் எதற்கு?

இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொள்வது இந்த ஊருக்குப் பழக்கம்தான். பூசலார், கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்த ஊர் இது. அதே நாளில் காஞ்சியில் கல் கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ ராஜா, கனவில் உத்தரவு வந்து தன் தேதியை மாற்றிக்கொண்டாராம். அப்பாவும் லைசென்ஸ் இல்லாத ஸ்டேஷனை மனத்துக்குள் கட்டிக்கொண்டார். ஆவடியில் கோபுரம் நட்டிருந்த ஆகாசவாணி மட்டும் அவருக்காக நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அதன் நஷ்டம் அதற்கு. அப்பா தொழிலுக்கு வந்த காலத்தில், ஒலிபரப்பு மந்திரி கேஸ்கரின் புண்ணியத்தால் ஆகாசவாணிக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. 1957இல் விவித் பாரதி வந்த பிறகுதான் கொஞ்சம் இளகியது. இந்த இடைவெளியில் கொழும்பிலிருந்து இலங்கை வானொலி கொழித்தது. பனைமரத்திலிருந்து நாங்கள் கொழித்தோம். எழுபதுகளில் இலங்கை அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசிய பாணியை அப்பா ராத்திரி ராத்திரியாகக் கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்தார். தெருவில் “இன்னாப்பா” என்பவர், மைக்கைத் தொட்டதும் யாழ்ப்பாணத்துக்காரர் ஆகிவிடுவார். காணாமல் போன ஆட்டைப் பற்றிய அறிவிப்புகூட “அன்பான நேயர்களே” என்றுதான் ஆரம்பமாகும்.

நிகழ்ச்சிப் பொறுப்பு அம்மாவுடையது. இதை அப்பா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ரெக்கார்டுப் பெட்டி அவள் வசம். கல்யாண வீட்டுக்குப் போகும் பெட்டியில் பிரிவுப் பாட்டு இருக்காது. காதுகுத்துக்குப் போகும் பெட்டியில் தத்துவப் பாட்டு இருக்காது. விடியற்காலை நாலரைக்குச் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, ஆடி மாதமானால் எல்.ஆர். ஈஸ்வரி, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் சூலமங்கலம் சகோதரிகள் அல்ல, கதை வசன ரெக்கார்டு. பந்தியில் உட்கார்ந்தவன் கட்டபொம்மன் வசனத்துக்கு ஏற்பக் கூடுதலாக ஒரு கரண்டி சாம்பார் கேட்பான் என்பது அவள் கண்டுபிடிப்பு. அப்பளம் தீர்ந்துபோனால் மட்டும் பாட்டுக்கு நடுவே ரெக்கார்டைத் தூக்கலாம். வேறு எதற்கும் கூடாது.

1972 அக்டோபரில் அந்தப் பெட்டிக்கு ஒரு சோதனை வந்தது. அதுவரை தி.மு.க. பொதுக்கூட்டம் என்றால் எம்.ஜி.ஆர். பாட்டுதான், கூட்டம் சேர்க்க வேறு என்ன வேண்டும்? அவரைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். ஒரே ராத்திரியில் பெட்டியில் பாதி ரெக்கார்டு எதிர்க்கட்சி ஆகிவிட்டது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து இரண்டு அடுக்காகப் பிரித்தாள். சிவாஜி பாட்டைப் போடலாம் என்றால் அவர் காங்கிரஸ். கடைசியில் நாகூர் ஹனிபாவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க ஓட்டினோம். அந்த வருடத்துக்குப் பிறகு எங்களிடம் இரண்டு பெட்டிகள். செட்டு ஒன்றுதான். இரண்டு கட்சிக்கும் அதே குழாய், அதே வாடகை, அதே பாக்கி.

பாட்டைவிடப் பெரிய அரசியல் குழாயின் முகம். அது எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதைப் பேசி முடிக்காமல் யாரும் முன்பணம் தரமாட்டார்கள். பெருமாள் கோயில் தெருவைப் பார்த்து ஒன்று, ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்து ஒன்று என்பது பொதுவான ஏற்பாடு. ஆனால் கல்யாண வீட்டுக்காரர் என் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, அழைப்பு வைத்தும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்ட பங்காளி வீட்டு ஜன்னலைக் காட்டி, “மூணாவது ஒண்ணு அங்க பாக்கட்டும் அண்ணே, காசு நான் தரேன்” என்பார். மரம் ஏறிக் குழாயைத் திருப்புவது என் வேலை. யார் யாருக்கு ஊரில் பகை என்பது எனக்குப் பத்து வயதிலேயே திசை வாரியாகத் தெரியும்.

அது பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள், காய்ச்சலில் கிடந்தவர்கள், இரவு ஷிப்ட் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து முதல் லோக்கலில் வந்து படுத்தவர்கள் எல்லாரும் எங்கள் நேயர்கள்தான். அவர்களை யாரும் கேட்கவில்லை. நிறுத்தும் பொத்தான் எங்களிடம் மட்டும் இருந்தது. உலகத்தில் எந்த ஸ்டேஷனுக்கும் வாய்க்காத சௌகரியம் இது.

சௌகரியம் ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலில் கேசட் வந்தது. ரெக்கார்டு வாங்க வசதியில்லாதவன்கூடத் தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் தனக்குப் பிடித்ததைப் பதிந்துகொண்டான். அம்மாவின் பெட்டிக்கு மதிப்புக் குறைந்தது. பிறகு பெட்டி ஸ்பீக்கர், அதன் பிறகு லாரி நிறைய அடுக்கும் டிஜே செட். 2000ஆம் வருடத்து ஒலி மாசு விதிகள் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வாயைக் கட்டின. நாலரை மணிப் பிள்ளையாருக்கு விடுப்பு. கூம்புக் குழாய்க்குத் தடையும் வந்தது. மைக் பர்மிஷன் மனுவில் ‘குழாய் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அப்பா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஆறு குழாய்களும் பரணில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டன.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இறங்கிய நேரத்தில்தான் சர்க்கார் காற்றைத் திறந்துவிட்டது. காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 2000இல் எஃப்.எம். ஏலம் நடந்தது. 2003இல் சென்னையில் சூரியனும் மிர்ச்சியும் வந்தன. ஏலம் கேட்கக் கம்பெனி வேண்டும். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வளாக வானொலி கிடைத்தது. 2006இல் லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கும் சமுதாய வானொலி என்றார்கள். தனி நபருக்குக் கிடையாது, அரசியல் கட்சிக்குக் கிடையாது. விதிகளை வாசித்துப் பார்த்தேன். கம்பெனி உண்டு, கல்லூரி உண்டு, சங்கம் உண்டு. குடும்பம் என்று ஒரு வகையே இல்லை. இந்த நாட்டில் சினிமாவைக் குடும்பமாக நடத்தலாம், மருத்துவக் கல்லூரியைக் குடும்பமாக நடத்தலாம், கட்சியை நடத்தலாம் என்பதை விளக்கவே வேண்டாம்.

என் மகன் விதிகளை வாசிக்கிறவன் இல்லை. பரணுக்குக் கீழே இருக்கும் அதே அறையில் ஒரு லேப்டாப்பையும் மைக்கையும் வைத்துக்கொண்டு இணைய வானொலி நடத்துகிறான். மரம் ஏறவேண்டியதில்லை. யார் கேட்கிறார்கள் என்பதை நேரம் போகப் போகத் திரை காட்டிக்கொண்டே இருக்கும்: டொராண்டோவில் இரண்டு பேர், தோஹாவில் மூன்று பேர், சிங்கப்பூரில் ஒருவர். ஊர் 2021இல் நகராட்சி ஆகிவிட்டது, ஏரிக்கரைவரை வீடுகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றிலிருந்தும் ஒருவரும் இல்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “நம்ம ஊர்ல யாருமே இல்லையாடா?”

“எல்லாரும் அவங்கவங்க காதுல மாட்டிக்கினு இருக்காங்க தாத்தா. கண்டுபிடிச்சுத்தான் வரணும்.”

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது, பேரனின் ஸ்பீக்கரை நாற்காலிமேல் ஏற்றி ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்படி வைத்திருந்தார். எதிரில் புதிதாக வந்த அடுக்குமாடி. டி.எம்.எஸ். முழு மூச்சில் எதையோ இழந்து உருகிக்கொண்டிருந்தார். அடுக்குமாடிக் குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு செய்தி, கைமாறிக் கைமாறி அரை மணி நேரத்தில் என் மகனுக்கு வந்து சேர்ந்தது. எந்த வீடு இது, இவ்வளவு சத்தமா, நகராட்சியில் புகார் தரவேண்டியிருக்கும், அதோடு விளக்கு வைக்கிற நேரத்தில் இப்படி அழுகைப் பாட்டு எதற்கு என்று கேட்டிருந்தார்கள்.

அப்பா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “பாத்தியாடா, நேயர் கடிதம்” என்றார்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “அந்தப் பாட்டு வேணாம்னு அப்பவே சொன்னேன். யாரு கேக்கறாங்க?”