87 சதவீதம் இயந்திரம்

ரிட்டயர் ஆனவன் வீட்டில் சும்மா இருந்தால் ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் நேர்ந்துவிட்டு விடுவார்கள். அதற்குப் பயந்துதான் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. பொது நிர்வாகம் சேர்ந்தேன். "படிக்கிற மனுஷனைத் தொந்தரவு பண்ணாதே" என்று வீட்டில் ஒரு மரியாதை பிறக்கும் என்பது என் கணக்கு. "வாய்தானே படிக்குது, கை சும்மாத்தானே இருக்கு" என்று வெங்காயத் தட்டு வந்து சேர்ந்தது.

முதல் அசைன்மென்ட், மாக்ஸ் வெபரின் அதிகாரவர்க்கக் கோட்பாடு. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதிகார அடுக்கு, எழுதிவைத்த விதி, கோப்பு, முகம் பார்க்காத நடைமுறை என்று வெபர் யோசித்து எழுதியதையெல்லாம் நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அனுபவித்தவன். யாரையும், எதையும் கேட்காமல் என் கையாலேயே எழுதினேன். பையன் டைப் அடித்து அனுப்பினான். பதில் வந்தது: கட்டுரையில் 87 சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியதாக மென்பொருள் காட்டுகிறது, நேரில் வந்து விளக்கம் தரவும்.

"மிச்சம் 13 சதவீதம் மனுஷன்னு எதை வச்சுச் சொல்றாங்களாம்?" என்றாள் மனைவி.

பையன்தான் பொறுமையாகச் சொன்னான். அந்த மென்பொருளுக்கு யார் எழுதியது என்று தெரியாதாம். ஒரு சொல்லுக்குப் பின் என்ன சொல் வரும் என்று அது ஊகித்துக்கொண்டே போகும். ஊகித்தபடியே வந்துகொண்டிருந்தால், எழுதியது இயந்திரம். எங்காவது திடுக்கிட வைத்தால், மனிதன். "உங்க கட்டுரையில அது எங்கேயும் திடுக்கிடலைப்பா" என்றான்.

எப்படித் திடுக்கிடும்? 'ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்' என்று ஆரம்பித்தால் அடுத்து 'தட்' வரவேண்டும். வேறு எதாவது வந்தால் செக்‌ஷன் ஆபீசர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். என் எழுத்தில் எதிர்பாராதது ஒன்றும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அரசாங்கம் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தது.

இந்த அவமானத்தில் எனக்குக் கூட்டாளிகள் உண்டு என்பது தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதல். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், டோஃபல் தேர்வுக்கு வேற்றுமொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் 'இயந்திரம்' என்று தீர்ப்பாயின. தெரிந்த சொற்களை மட்டும் பத்திரமாகப் பயன்படுத்துகிறவன் எல்லாம் மாட்டிக்கொள்கிறான். சாட்ஜிபிடியைப் பெற்றெடுத்த ஓபன்ஏஐ நிறுவனமே அந்த வருடம் ஜனவரியில் இப்படி ஒரு கருவி வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர்கள் எழுதியதில் 9 சதவீதத்தையும் சேர்த்துப் பிடித்தது. ஜூலையில் மூடிவிட்டார்கள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத பிள்ளையை எங்கள் படிப்பு மையம் கண்டுபிடிக்கிறது.

என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது வேறொன்று. அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் 2016-இல் பேராசிரியர் அசோக் கோயல், இணையவழி வகுப்பில் மாணவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல 'ஜில் வாட்சன்' என்று ஓர் உதவி ஆசிரியையை அமர்த்தினார். செமஸ்டர் முடிகிற சமயத்தில்தான் அது ஐபிஎம் வாட்சனை வைத்துச் செய்த மென்பொருள் என்று சொன்னார்கள். வகுப்பில் கிட்டத்தட்ட 300 பேர். படித்ததோ செயற்கை நுண்ணறிவுப் பாடம்! அங்கே இயந்திரம் மனுஷியாக நடமாடியிருக்கிறது. இங்கே ஆதார் கார்டு, பிபி மாத்திரை, முழங்கால் வலி எல்லாம் உள்ள நான் ஒரு கட்டுரையைத் தாண்ட முடியவில்லை.

பையன் ஒரு வழி சொன்னான். இயந்திரம் எழுதியதை மனிதன் எழுதியதுபோல் மாற்றித்தர இன்னொரு மென்பொருள் இருக்கிறதாம், மாதச் சந்தா. மனிதன் எழுதியதை மனிதன் எழுதியதுபோல் மாற்ற நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? "அங்கங்க ரெண்டு ஸ்பெல்லிங் மிஸ்டேக் போட்டுடுங்க, ஃப்ரீ" என்றான். சர்வீஸில் ஒரு கமா விட்டதில்லை. நேரிலேயே போனேன்.

ஒருங்கிணைப்பாளர் என் பையனைவிடச் சின்னவர். "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று நாற்காலி போட்டார். மேஜையில் திருத்த வேண்டிய தாள்கள் அவர் தலையை மறைத்தன. வெபரைப் பற்றி எதாவது சொல்லச் சொன்னார். எங்கள் பிரிவில் ஒரு மின்விசிறி நின்றுபோன கதையைச் சொன்னேன். விசிறி சுற்றவில்லை, அதன் கோப்பு மூன்று பிரிவுகளைச் சுற்றியது. அனுமதி வந்தபோது மார்கழி. "குளிர்காலத்தில் விசிறி எதற்கு?" என்று தணிக்கைக்காரர் ஆட்சேபம் எழுதினார். ஒருங்கிணைப்பாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்புறம் சார்?" என்றார். அந்தப் படிப்பில் என்னிடம் யாராவது கேள்வி கேட்டுப் பதிலைக் காதில் வாங்கியது அன்றுதான். மார்க் போட்டு அனுப்பினார். இப்படி ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டால் எந்த மென்பொருளும் வேண்டாம், ஆனால் அவர் என்றைக்கு வீட்டுக்குப் போவது?

விஷயம் அதோடு முடிந்திருக்கும். மனைவிக்கு அந்த மென்பொருள்மீது மதிப்பு வந்துவிட்டது. பீரோவில் கூறைப்புடவைக்கு அடியிலிருந்து, நிச்சயதார்த்தம் முடிந்ததும் நான் அவளுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை எடுத்து வந்தாள். பையன் டைப் அடித்துப் போட்டான். 98 சதவீதம் இயந்திரம்.

"அப்ப நம்ம ஊர்ல கம்ப்யூட்டரே கிடையாதே!" என்றாள்.

"அது உளறுதும்மா. 1787-ல எழுதின அமெரிக்க அரசியல் சட்டத்தையே மெஷின் எழுதினதுன்னு சொன்ன கேஸெல்லாம் இருக்கு" என்றான் பையன். நானும், "சுத்த உளறல்" என்று பலமாக ஆமோதித்தேன். எங்கள் ஹெட் கிளார்க் டிக்டேட் செய்தது அந்தக் கடிதம். நிச்சயமான பையன்கள் எல்லோருக்கும் அதே டிராஃப்ட்தான், பெண்ணின் பெயரை மட்டும் நிரப்பிக்கொள்வோம்.

மனைவி என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் பையனிடம் திரும்பினாள். "டேய், உங்க சித்திக்குச் சித்தப்பா எழுதின லெட்டரையும் வாங்கிட்டு வா. அவரும் அதே ஆபீஸ்தானே."