சந்தனமா, பென்சில் சீவலா?

கே: வெளிநாட்டிலிருந்து மகன் 'சாண்டல் 33' சென்ட் வாங்கி வந்தான். அடித்தால் பென்சில் சீவின வாசனைதான் வருகிறது. இது சந்தனமே இல்லையா?
– வாசகி, திருப்பத்தூர்

ப: அரசு சந்தனக் கிடங்கு இருக்கிற ஊர்க்காரர் மூக்கை ஏமாற்ற முடியுமா! அது சந்தனம்தான் அம்மா, ஆனால் நம் சந்தனம் அல்ல. நியூயார்க்கின் லே லாபோ நிறுவனம் 2011-இல் கொண்டுவந்த சென்ட் அது. ஆஸ்திரேலியச் சந்தனத்தோடு சீடர் மரம், ஏலக்காய், தோல் வாசனை எல்லாம் சேர்ந்தது. பென்சில் வாசனைக்குக் காரணம் அந்த சீடர்தான். நம் சந்தனத்தில் 'சாண்டலால்' என்கிற மணப்பொருள் அதிகம். அதனால் சுண்டக் காய்ச்சிய பால் மாதிரி ஒரு வழவழப்பு, ஒரு தித்திப்பு. ஆஸ்திரேலிய வகையில் அது குறைவு. காய்ந்த கட்டையை அறுத்த வாசனைதான் முன்னால் நிற்கும்.

அதற்காக மூடி வைத்துவிடாதீர்கள். காலையில் குளித்ததும் மணிக்கட்டில் ஒரே ஒரு முறை அடியுங்கள், தேய்க்க வேண்டாம். முதல் பத்து நிமிடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சந்தன மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். சாயங்காலம் முகர்ந்து பாருங்கள்: காரமெல்லாம் அடங்கி, தோலோடு ஒட்டிய மெல்லிய மணம், கல்லில் இழைத்த சந்தனம் நெற்றியில் உலர்ந்தது போல. எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும். நடுவில் மணமே இல்லையென்று தோன்றும். உங்கள் மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும். மறுபடி அடிக்காதீர்கள். பட்டுப்புடவை மேல் அடிக்கவே அடிக்காதீர்கள், கறை விழும்.