அஞ்சு ஸ்தாயியும் ஆகுஜா மைக்கும்

ஏம்ப்பா பேராண்டி, பாட்டுக் கேக்குறியா, டவுன் பஸ்ஸு ஓட்டுறியா? வந்ததுலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பாட்டு ஓடுது. நிப்பாட்டுற. தலையில கைய வைக்கிற. அண்ணாந்து பாத்து 'ஐயோ, என்ன மனுசன்யா'ங்கிற. எதுக்க நிக்கிற செல்போனு ஒன்னையவே படம் புடிக்குது. மறுபடி ஓடவிடுற, மறுபடி நிப்பாட்டுற. பல்லவி தாண்டுறதுக்குள்ள ஏழெட்டு நிறுத்தம். பாவம், டி.எம்.எஸ். அவருபாட்டுக்குப் பாடி முடிக்க வழி விடமாட்டேங்கிறியே!

ஏண்டான்னு கேட்டா என்ன சொல்ற? "தாத்தா, இவருக்கு அஞ்சு ஆக்டேவ் ரேஞ்ச். ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது."

புரியாதுதான். நான் படிச்சது எட்டாப்பு. ஆனா ஆர்மோனியப் பொட்டியில கட்டைய எண்ணத் தெரியும். நீ ஆக்டேவ்ங்கிறதத்தான் நாங்க ஸ்தாயிங்கிறோம். பொட்டியில மொத்தமே மூணு, மூணரை ஸ்தாயிதான் இருக்கு. மிச்சத்துக்கு அந்த மனுசன் எங்கிட்டுப் போனாரு? பொட்டிக்கு வெளிய மேசையத் தட்டுனாரா? கச்சேரி வித்துவானுக வருசக்கணக்காச் சாதகம் பண்ணி, கீழ்ப் பஞ்சமத்துலருந்து மேல்ப் பஞ்சமம் வரைக்கும் ரெண்டு ஸ்தாயி சுத்தமா நின்னாலே கையெடுத்துக் கும்புடுவாங்க. நீ என்னடான்னா வாய்க்கு வந்தத அளந்து விடுற.

சரி, ஒசரம் ஒசரம்னு குதிக்கிறியே, அந்தக் காலத்து நாடகக்காரங்க ஏன் அம்புட்டு ஒசரத்துல பாடுனாங்கன்னு என்னைக்காச்சும் ரோசனை பண்ணியிருக்கியா? செங்கோட்டைக் கிட்டப்பாவுக்கு அஞ்சரைக் கட்டைன்னு சொல்லுவாங்க. ஆம்பளைக பாடுறது ஒண்ணு, ஒண்ணரை, மிஞ்சிப்போனா ரெண்டு கட்டை. அஞ்சரைங்கிறது பொம்பளைக சுருதி. எங்க அப்பாரு சொல்லுவாரு, கொட்டகைக்கு வெளிய மாட்ட அவுத்துக் கட்டிட்டு வண்டிக்காரங்க அங்கனயே துண்ட விரிச்சுப் படுத்துக்கிட்டு முழு நாடகத்தையும் கேப்பாங்களாம். டிக்கெட்டுக் காசு மிச்சம். அந்தப் பாட்டு பகட்டுக்குப் பாடுன பாட்டா? மைக்கே கெடையாதுப்பா! கடேசி வரிசையில முறுக்குக் கடிக்கிறவன் காதுக்கும் பாட்டு போய்ச் சேரணும். அவனும் காசு குடுத்து வந்தவன்தான். அவனுக்குப் பாட்டுக் கேக்கலேன்னா அவன் போடுற சத்தம் மேடைக்குக் கேக்கும். வேற வழியில்லாம ஏறுன ஒசரம் அது.

கொடுமுடி சுந்தராம்பாளும் அதே பள்ளிக்கூடம்தான். அவங்க புருசன் கிட்டப்பா 1933-ல போயிட்டாரு, வயசு 27. அன்னைக்கு வெள்ளைச் சேலை கட்டுன அந்தம்மா, இனி எந்த ஆம்பளையோடவும் ஜோடியா நடிக்கமாட்டேன்னு நின்னுட்டாங்க. 1935-ல வந்த 'நந்தனார்' படத்துல அவங்களே ஆம்பளை வேசம் போட்டு நந்தனாரா வந்தாங்க. சம்பளம் ஒரு லட்ச ரூவா. அன்னைக்கு லட்சம்னா என்னன்னு ஒனக்குச் சொன்னா மயங்கி விழுந்துருவ, விடு. 1965-ல 'திருவிளையாடல்'ல ஔவையாரா வந்து பாடுறப்ப அந்தம்மாவுக்கு அம்பத்தாறு வயசு. மைக்கு வந்து எத்தனையோ வருசம் ஆயிப்போச்சு. ஆனா அந்தத் தொண்டை மைக்க நம்பவே இல்ல. மைக்குத்தான் அந்தம்மாவப் பாத்து ஒதுங்கி நின்னுருக்கும்.

அந்தப் படத்துலயே இன்னொரு கூத்து இருக்கு. பாலையா ஹேமநாத பாகவதரா வருவாரு. அம்புட்டு பந்தா, அம்புட்டு அலட்டல். விறகு விக்க வந்த சிவாஜி திண்ணையில உக்காந்து பாடவும், ராத்திரியோட ராத்திரியா ஊர விட்டு ஓட்டம். கைதட்டிக் கைதட்டி எங்க கையெல்லாம் செவந்துபோச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. பாலையாவுக்குப் பின்னாடி பாடுனது பாலமுரளிகிருஷ்ணா. அந்தப் பாட்டுல ஒரு கொறை சொல்லு பாப்பம்? பாட்டுத் தோக்கல, கதைக்காகத் தோக்க வச்சாங்க.

மைக்குக்கு வருவோம். நான் சவுண்ட் சர்வீஸ் வச்சுப் பொழச்சவன். ஆகுஜா மைக்கு, ஒரு ஆம்ப்ளிபயரு, ரெண்டு குழாயி, இசைத்தட்டுப் பொட்டி, முள்ளு வச்ச தகர டப்பா. இதுதான் என் சொத்து. புளியமரத்துல ஏறிக் குழாயக் கட்டி எறங்குனா முழங்காலெல்லாம் செராப்பு. அந்த மைக்கு என்ன செஞ்சுச்சு தெரியுமா? கத்தாமப் பாடலாம்னு பாடுறவங்களுக்குக் காட்டிக் குடுத்துச்சு. மெதுவாச் சொன்னாலும் ஊருக்கே கேக்கும்னு ஆன பெறகுதான் துக்கத்த துக்கமாவே பாட முடிஞ்சுச்சு. கத்திக்கிட்டே எவனாச்சும் ரகசியம் சொல்லுவானா?

பி.பி.சீனிவாஸ எடுத்துக்க. காக்கிநாடாக்காரரு. கிட்டப்பா காலத்துல அவரு மேடையேறியிருந்தா ரெண்டாவது வரிசைக்காரன், "ஏஞ்சாமி, ஒடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்டிருப்பான். மைக்கு இருந்ததால அந்தக் கொரலு பொழச்சுச்சு. அது நம்மளையும் பொழைக்க வச்சுச்சு. 1962-ல 'சுமைதாங்கி'ன்னு ஒரு படம். கண்ணதாசன் எழுத்து, விஸ்வநாதன்–ராமமூர்த்தி மெட்டு. மனசு ஒடஞ்சவனுக்குத் தைரியம் சொல்ற பாட்டு ஒண்ணு. சென்னையில வாய்ப்புக் கெடைக்காம, போதும்டா சாமின்னு ஊருக்குக் கெளம்பி நின்ன வாலி, இந்தப் பாட்ட சீனிவாஸ் பாடிக் காட்டக் கேட்டுத்தான் பயணத்த நிப்பாட்டுனாரு. அவரே சொன்ன சேதிதான். கூத்தப் பாரு, கண்ணதாசன் தன் தொழிலுக்குப் போட்டியா வரப்போறவனத் தன் பாட்டாலயே ஊரு போய்ச் சேரவிடாமப் புடிச்சு வச்சிருக்காரு! அந்தப் பாட்டுல ஒசரம் எங்க இருக்கு? தேடிப் பாரு. பக்கத்துல உக்காந்து தோள்ல கை போட்டுச் சொல்ற சத்தம்தான் இருக்கும்.

இதுக்காக ஒசரமே வேணாம்னு சொல்ல வரல. 'கர்ணன்'ல கடேசியா, குண்டடி பட்டமாதிரி கொட்டகையே உறைஞ்சு கெடக்கிற எடத்துல, கண்ணனா வர்ற என்.டி.ராமாராவுக்கு சீர்காழியாரு பாடுறாரே, அங்க ஒசரம் வேணும். போர்க்களம், வெட்டவெளி, சாகக்கெடக்கிறவன் காதுல விழுகணும். எடம் கேட்டுச்சு, மனுசன் ஏறுனாரு. ஏறிட்டு எறங்கவும் செஞ்சாரு. நீங்கதான் ஏறுன எடத்துலயே கைதட்டிக்கிட்டு நிக்கிறீக.

அழுகப் பாட்டுக்கு வா. கல்யாண வீட்டுல சீர்காழியாரோட புள்ளையாரு பாட்டுலதான் ஆரம்பிக்கணும். அது சட்டம். அழுகப் பாட்டுப் போடப்படாது. அதுவும் சட்டம். ஆனா ராத்திரிப் பந்தி முடிஞ்சு எலையெல்லாம் எடுத்த பெறகு, மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா ஒருத்தரு மெல்ல என் பக்கத்துல வந்து நிப்பாரு.

"தம்பி, 'பாலும் பழமும்' தட்டு இருக்கா?"

"கல்யாண வீடுங்கய்யா."

"சத்தத்தக் கொறச்சுப் போடுய்யா. பொம்பளைக எல்லாம் தூங்கிட்டாக."

போடுவேன். தூங்குன பொம்பளைகளே நாலு பேரு எந்திருச்சு வந்து தூணுல சாஞ்சு உக்காருவாக. ஒருத்தரு மொகத்த ஒருத்தரு பாக்கமாட்டாக. மூணரை நிமிசத்துல தட்டு முடிஞ்சிரும். முள்ளு கரகரன்னு ஓடும். 'இன்னொருக்கப் போடவா'ன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தெறக்கமாட்டாக. போடுன்னு அர்த்தம். அங்க எவனும் 'கூஸ்பம்ப்ஸ்'னு கையத் தூக்கி மயிரக் காட்டல. அழுதது பக்கத்துல இருக்கிறவனுக்கே தெரியாது. இப்ப டி.வி.யில என்ன நடக்குது? பாடுற புள்ளைக்குப் பத்து வயசு. அது காதல் தோல்விப் பாட்டுப் பாடுது. ஒடனே நடுவரு அழுகுறாரு, அம்மா அழுகுறாக, கீபோர்டுக்காரரு கண்ணத் தொடைக்கிறாரு. கேமரா ஒவ்வொருத்தரு மொகத்துக்கா ஓடி ஓடிக் காட்டுது. எழவு வீட்டுல கூட இம்புட்டு ஒழுங்கா வரிசையா அழுகமாட்டாகப்பா.

'ஒருதலை ராகம்' வந்தது 1980. அப்ப டி.எம்.எஸ்.ஸுக்கு அறுபத எட்டப்போற வயசு. காலேசுப் பையனுக்காகப் பாடுறாரு. பேரன் எடுக்குற வயசுல பாடுன பாட்டுக்கு ஊருல இருக்கிற வாலிபப் பயலுக எல்லாம் தாடி வளத்தானுக. எனக்குக் குழாய் வாடகை நல்லா வந்துச்சு, அதச் சொல்லணும்.

இன்னொண்ணு. மெல்லிசைக் கச்சேரியில 'டி.எம்.எஸ். குரலோன்'னு பட்டம் போட்டுக்கிட்டு வர்றாங்களே, பாத்திருப்ப. அதே திருநீறு, அதே சட்டை, அதே இழுப்பு. சனம் விசில் அடிக்குது. அவரு மட்டும் என்ன, ஆரம்பத்துல 'தியாகராஜ பாகவதர் குரலோன்'தான். 1950-ல வந்த 'கிருஷ்ண விஜயம்' படத்துலதான் மொதப் பாட்டு. எடுத்துக் கேட்டுப் பாரு, கண்ண மூடுனா பாகவதரு. அப்படியே நின்னிருந்தா இன்னைக்கு நீ இந்தப் பாட்ட நிப்பாட்டி நிப்பாட்டிக் கேக்கமாட்ட. 1954-ல 'தூக்குத் தூக்கி'. சிவாஜிக்கு மொதல்ல இஷ்டமில்ல. 'பராசக்தி'யில பாடுன சி.எஸ்.ஜெயராமன் கொரலுதான் தனக்கு ஒட்டும்னு நெனச்சாரு. நம்ம மதுரைக்காரரு சிவாஜி பேசுறதக் காது குடுத்துக் கேட்டு, அந்தப் பேச்சுலருந்து கொரல எடுத்துப் பாடிக் காட்டுனாருன்னு சொல்லுவாங்க. அதே வருசம் 'மலைக்கள்ளன்'ல எம்.ஜி.ஆருக்குப் பாட்டு. ரெண்டும் ஒரே தொண்டை. ரேடியோவுல கேட்டாலே இது யாரு படம்னு சொல்லிருவோம். இந்த ரெண்டு கட்சிக்காரனும் டீக்கடையில மண்டைய ஒடச்சுக்கிட்டானுக. ரெண்டு பேருக்கும் பாடுனவரு கூலிய வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. ரசிகன்னாலே எந்தக் காலத்துலயும் கொஞ்சம் கிறுக்குப் புடிச்சவன்தான், ஒன்னைய மட்டும் குத்தம் சொல்லி என்ன செய்ய?

ஆனா அவரு பாட்டுல எதக் கேக்கணும்னு ஒனக்குச் சொல்லித்தர ஆளில்ல. சொல்லக் கேளு. சொல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா, முழுசா வந்து விழும். மெட்டு இழுக்குற இழுப்புல ஒரு எழுத்துக்கூடக் கெட்டுப்போகாது. 1964-ல 'அருணகிரிநாதர்' படத்துல அவரே நடிச்சுப் பாடுன திருப்புகழக் கேளு. கல்ல வாயில போட்டு மென்னாப்புல இருக்கிற சந்தம், ஒண்ணு தடுக்கணுமே! இத்தனைக்கும் அவரு சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுப் பேச்சு தமிழில்ல. சீனிவாஸுக்குத் தெலுங்கு. சுசீலாம்மாவுக்குத் தெலுங்கு, ஜானகியம்மாவுக்கும் தெலுங்கு. தமிழு தாய்ப்பாலோட வந்த நீ நேத்து ஒரு பாட்டு முணுமுணுத்தியே, 'வாழ்க்கை' 'வால்க்கை'யாயி, 'கண்ணீர்' என்னமோ ஆயிப்போச்சு. அந்தக் காலத்துல பக்கவாத்தியமும் பாடுறவரும் ஒண்ணா நின்னு பதிவு பண்ணணும். கடேசி அடியில ஒரு எழுத்துப் பெசகுனா வயலின்காரன்லருந்து அத்தனை பேரும் மொதல்லருந்து வரணும். நாப்பது பேரு மொறைப்பாங்க. இப்பத்தான் பெசகுன சுருதியக் கம்ப்யூட்டரு நிமுத்திக் குடுத்துருதே. சொல்ல நிமுத்துற கம்ப்யூட்டரு இன்னும் வரல போலருக்கு.

நம்பிக்கை இல்லேன்னா ஒண்ணு செய்யி. 1966-ல வந்த 'ராமு' படத்துல ஜெமினிக்கு சீனிவாஸ் பாடுன நெலாப் பாட்டு இருக்கே, அதப் பாடிப் பாரு. கத்தப்படாது. கண்ண மூடப்படாது. பேசுற சத்தத்துலயே பாடணும். ஒங்க அப்பத்தா அடுப்படியில இருப்பா, இப்பக் காது கொஞ்சம் மந்தம். அவ திரும்பிப் பாத்து 'என்னடா மொணங்குற'ன்னு கேட்டா, பேசாம கையக் கழுவிட்டுச் சாப்புட உக்காரு. அவளே அடுத்த அடியப் புடிச்சான்னா வந்து சொல்லு, நானும் ஒத்துக்கிறேன். ஆனா அவ மார்க்க ரொம்ப நம்பாத. என்னையக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியிருந்தே அவ ஜெமினி கட்சி.