பில் அனுப்பாத மின்சாரமே, வாழ்க!

சாலையில் பதிக்கும் மின்தட்டே, உனக்கு வணக்கம். வண்டி ஏறினால் அமுங்குகிறாய். உன் அடியில் பற்சக்கரம் சுழல்கிறது, டைனமோ ஓடுகிறது, விளக்கு எரிகிறது. இதற்காக நீ ஒரு மரத்தை வெட்டவில்லை, ஓர் ஆற்றை மறிக்கவில்லை, யாரிடமும் கைநீட்டவில்லை. கேட்காமலே வாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள் உலகில் பலர் உண்டு. கொடுத்தவனுக்கே தெரியாமல் வாங்கிக்கொள்வதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

உன் திறமை முழுதும் வெளிப்பட, இலங்கை மலைநாட்டில் எங்கள் ஹல்துமுல்லையைப் போல் வாய்ப்பான இடம் கிடைக்காது. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ், பலாங்கொடையும் பெலிஹுல்ஓயாவும் தாண்டி எங்கள் வளைவுகளுக்கு வரும்போது இரண்டாம் கியருக்கு இறங்கிவிடும். எஞ்சின் முக்கும், பின்னால் கறுப்புப் புகை. அந்தப் புகைக்குள் கொழுந்து மூட்டைகளோடு ஒரு லொறி. அதை முந்த வழியில்லாமல், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளை நெருக்கி ஏற்றிய ஒரு த்ரீவீல். பனி இறங்கிவிட்டால் பட்டப்பகலில் எல்லோரும் லைட் போட்டுக்கொண்டு பெரகல சந்தியை நோக்கி ஊர்வார்கள். இவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து உனக்குக் காணிக்கை செலுத்துவார்கள். 5 சென்டிமீட்டர் அமுங்கிய உன்னை விட்டு மேலே ஏற ஒவ்வொரு எஞ்சினும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்க வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் உன் விளக்கில் எரிகிறது. மின்சார சபை யூனிட்டைக் கணக்கெடுத்து, பில்லை வீட்டு வாசலுக்கு அனுப்பி, பிறகுதான் பணம் கேட்கிறது. உனக்கு அந்தச் சிரமம் ஒன்றும் இல்லை. டிரைவரின் டாங்கியே உன் உண்டியல்.

2022இல் நீ இங்கே இருந்திருந்தால் உன் புகழ் இன்னும் ஓங்கியிருக்கும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லை. பெற்றோல் செட்டில் இரவு பகலாக வரிசை. பிறகு எரிபொருளைப் பங்கிட கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் ஒரு த்ரீவீலுக்கு வாரத்துக்கு 5 லீட்டர். அந்த 5 லீட்டரிலிருந்தும், அட்டையும் இல்லாமல் வரிசையும் இல்லாமல் உன் பங்கை நீ எடுத்திருப்பாய். நாட்டில் வேறு எவருக்கும் கிட்டாத சலுகை அது.

உன் கொடையைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். 1 தொன் எடையுள்ள ஒரு கார் உன்மேல் 5 சென்டிமீட்டர் இறங்கினால், துளியும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், 9 வோட் பல்ப் ஒன்று ஏறக்குறைய 54 விநாடி எரியும். ஒரு யூனிட் சேர 7000 கார்களுக்கு மேல் வர வேண்டும். டீசல் கணக்கு இன்னும் சிறப்பு. ஒரு லீட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் சக்தி இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை எஞ்சின் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிது. அதிலும் பாதியை நீ மின்சாரமாக்கினால், உன் ஒரு யூனிட்டுக்கு அரை லீட்டருக்கு மேல் டீசல் எரிந்திருக்கும். அதே டீசலை ஒரு சாதாரண ஜெனரேட்டரில் ஊற்றினால் இரண்டு யூனிட் கிடைக்கும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நீ இரண்டு தேங்காயை எடுத்து ஒன்றை உடைக்கிறாய்.

கடல் கடந்தும் உனக்குச் சீர் நடந்திருக்கிறது. 2009இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் செயின்ஸ்பரிஸ் பேரங்காடியின் கார் தரிப்பிடத்தில் உன்னைப் பதித்தார்கள். மணிக்கு 30 யூனிட் வரை தருவாய் என்று அறிவித்தார்கள். நான் மேலே போட்ட கணக்குப்படி ஒரே தட்டில் அது வர, ஒரு மணிநேரத்தில் 2 லட்சம் கார்களுக்கு மேல் வந்து போக வேண்டும். அதே ஆண்டு இஸ்ரேலில் இன்னோவாடெக் நிறுவனம், அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை நெடுஞ்சாலைத் தாருக்கு அடியில் புதைத்துச் சோதித்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் உலகத்தின் நெடுஞ்சாலைகள் வெறும் தாராகவே கிடக்கின்றன. அப்படியிருந்தும் உன் செய்தி மட்டும் ஆண்டுதோறும் புத்தம்புதிதாக வருகிறது. மூப்பே இல்லாத இளமை உனக்கு.

உன் அக்கம்பக்கத்தாரைப் பார்க்கும்போது உன் அருமை இன்னும் விளங்குகிறது. மேற்கே 1992 முதல் ஓடும் சமனலவெவ நீர்மின் நிலையம், 120 மெகாவோட். அதன் நீர்த்தேக்கத்தில் நீர் கசிகிறது என்பது ஊரறிந்த குறை. கிழக்கே 2024 ஏப்ரலில் திறந்த உமா ஓயா நீர்மின் திட்டம், அதுவும் 120 மெகாவோட். அதற்குச் சுரங்கம் குடைந்தபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மக்கள் வீதிக்கு இறங்கிக் கேள்வி கேட்டார்கள். நீ எடுப்பது கண்ணுக்குத் தெரியாததால் உன்னிடம் ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை. பாடசாலைக் கண்காட்சிக்கு அட்டைப் பெட்டியில் உன்னைச் செய்துவரும் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறது. கைதட்டிவிட்டுப் போகும் பெரியவர், “இந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது மகள்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், உன்னை விட்டுவிட்டு அந்தப் பிள்ளை நல்ல விஞ்ஞானத்தைப் பிடித்திருக்கும்.

ஒரே ஓர் இடத்தில் நீ நேர்மையானவன்: இறக்கத்தில். அங்கே டிரைவர் எப்படியும் பிரேக் பிடிக்கத்தான் வேண்டும். இறங்கும் வண்டியின் சக்தி பிரேக்கில் சூடாகி வீணாகிறது. அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாய்க்கு இறங்கும் வண்டிகளின் பிரேக் தீயும் வாடை இந்தப் பாதையில் எல்லோருக்கும் பழக்கம். 10 தொன் பஸ் ஒன்று 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது சிந்துவது 27 யூனிட். அதில் உன் ஒரு தட்டு பிடிப்பது ஒரு யூனிட்டில் எழுநூறில் ஒரு பங்கு. மின்சார பஸ்ஸுக்கோ நீ தேவையே இல்லை. இறங்கும்போது அதன் மோட்டாரே டைனமோவாகி, அந்த 27 யூனிட்டில் பெரும்பகுதியை பற்றரியில் சேர்த்துவிடும். சுவிட்சர்லாந்தில் கற்சுரங்கத்து மின் லொறி ஒன்று பாரத்தோடு இறங்கியே, வெறுமையாய் ஏறத் தேவையான மின்சாரத்தைத் தேடிக்கொள்கிறது. எங்கள் மலைக்குப் பொருத்தமான பாடம் அங்கே இருக்கிறது. மின்சார பஸ்ஸை இந்தப் பாதையில் ஓட்டிப் பாருங்கள் என்றுதான் நாங்கள் கேட்க வேண்டும்.

ஆகவே தட்டே, உன்னை வாழ்த்தியே அனுப்புகிறேன். எங்கள் ஏற்றத்தில் உன்னைப் பதிக்க வருகிறவர், பஸ்காரரும் த்ரீவீல்காரரும் கூடுதலாக ஊற்றும் எரிபொருளின் விலையைத் தன் திட்ட அறிக்கையில் ஒரு வரியாக எழுதட்டும். எழுதிய பிறகும் உன்னைப் புகழ அவருக்கு வாய் வந்தால், நானும் கூடவே புகழ்கிறேன்.